போட்டோ வகுப்பும் தோணிக்காரரும்

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து போடும் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இரண்டு இளம் ஆசிரியர்கள் சாந்தோமில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டோகிராபியைப் படைப்புக்கலைப் பாடமாக வைக்கப் போகிறார்களாம். "இதெல்லாம் உங்க காலத்துல இல்லாதது சார்" என்றார் அவர்களில் ஒருவர். காபியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "யுத்த காலத்திலேயே மயிலாப்பூரில் அந்தக் கூத்து நடந்து முடிந்துவிட்டது தம்பி. அதற்கு நான்தான் வாத்தியார்" என்றேன். உடனே, அதைப் பற்றியே பாராட்டி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். பாராட்ட என்னால் ஆகாது. நடந்ததை எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் படிப்பு மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நின்றது. கணக்கு ஏறவில்லை, கை மட்டும் ஓடும். பங்குச் சுவாமியார் சிபாரிசில் லஸ் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ரீடச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். நெகடிவ் கண்ணாடியைச் சாய்வுப் பலகையில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்திலிருக்கும் அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்கிற வேலை அது. கறுத்த பெண்ணைச் சிவப்பாக்கி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதும் அதே பென்சில்தான். பிறகு டிராயிங் பரீட்சை எழுதி, மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஆனேன். மேஜைமேல் ஒரு கூஜா, பக்கத்தில் ஒரு பூசணிக்காய், சீசனில் மாம்பழம். வருஷா வருஷம் அதே கூஜா. அந்தக் கூஜாவோடு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். தேவமாதா அறிய எனக்கு வேறு ஆசை கிடையாது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் எங்கள் கரஸ்பாண்டெண்ட். பள்ளியை நிர்வகிப்பவரை அப்போது அப்படித்தான் சொல்வோம். தியாகராய நகரில் அவருக்குப் புது பங்களா. ஒருமுறை சீமைக்குப் போய்வந்தபோது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எடுத்த போட்டோக்களைச் சுவரெல்லாம் மாட்டியிருந்ததைப் பார்த்தாராம். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. "மிஸ்டர் சூசை, நம்ம பையன்களுக்கு மனப்பாடம் தெரியும், ரசனை தெரியாது. நாம கொடுப்போம்" என்றார். தம் வீட்டில் தூசி படிந்து கிடந்த மரக் காமிராவை முக்காலியோடும் கறுப்புத் துணியோடும் பள்ளிக்குத் தானம் செய்தார். அந்தத் தானத்துக்கு ஒரு கூட்டம், ஒரு மாலை, ஒரு வாழ்த்துப் பத்திரம். ஸ்டூடியோவில் இருந்தவன் என்பதால் பாடம் என் தலையில் விழுந்தது.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எதிரே நிற்பவரைப் பேசி முடிக்க அவர் விடவே மாட்டார். கோபத்தால் அல்ல, தங்கமான மனுஷர், யாரையும் அதட்டியதில்லை. நாம் வாயைத் திறந்ததும் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்குவார். கண்ணை லேசாக மூடுவார். நாம் சொல்ல வந்ததைத் தாமே சொல்லி முடிப்பார். "சார், டார்க் ரூம்ல தண்ணி..." என்று ஆரம்பித்தால், "சுத்தமா இருக்கணும், ஐ நோ, ஐ நோ" என்பார். தண்ணீரே வரவில்லை என்று சொல்லத்தான் நான் போயிருப்பேன். பியூன் ஒருநாள், "ஐயா, உங்க காரு..." என்றான். "துடைச்சாச்சா? குட்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாயங்காலம் டயரில் காற்றில்லாமல் கார் குந்தியிருந்தபோது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவனையே கேட்டார். அவர் எதிரே நின்றவர்கள் யாரும் எதையும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

பூகோளப் படங்கள் வைத்திருந்த சின்ன அறையை டார்க் ரூம் ஆக்கினோம். ஜன்னலுக்கு அட்டை அடித்து, விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினேன். மெட்ராஸ் வெயிலில் குழாய்த் தண்ணீரே வெந்நீர். அதில் படம் பிடித்த கண்ணாடிப் பிளேட்டைக் கழுவினால் படம் கண்ணாடியைவிட்டு ஆடைபோல உரிந்து வந்துவிடும். அதனால் மண்பானைத் தண்ணீரில், படிகாரம் போட்டு, விடிந்தும் விடியாததுமாய்க் கழுவுவேன். பூசைக்குப் போகிற நேரத்தில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று வீட்டில் பாட்டு. "போட்டா வாத்தியாருன்னு பேரு. கட்டினவளுக்கு ஒரு போட்டா கெடையாது" என்பாள் என் மனைவி. அவளுக்கு எங்கிருந்து எடுப்பேன்? யுத்தத்தில் பிளேட்டும் பேப்பரும் கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததைக் கரஸ்பாண்டெண்ட் தம் அறை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருந்தார். கேட்டால் எண்ணித்தான் எடுத்துத் தருவார்.

ஏழெட்டுப் பையன்கள் இந்தப் பாடத்தில் சேர்ந்தார்கள். பாதிப்பேர் இதற்குப் பதிலாகப் படிக்கவேண்டிய சமஸ்கிருதத்துக்குப் பயந்து வந்தவர்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிக்கொடுத்தேன். கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டால் உலகம் தலைகீழாய்த் தெரியும், பயப்படாதே. கண்ணில் கூர்மை வை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார். ரசனையைக் கரஸ்பாண்டெண்ட் வாரம் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுத்தார். அவர் ரசனை இதுதான்: நொச்சிக்குப்பத்தில் கட்டுமரம், பின்னால் சூரியன், கோயில் குளத்துப் படியில் குடம் தூக்கிய பெண், இடிந்த சுவர் எதுவானாலும். "படத்துக்கு ஒரு பெயர் வேணும். பெயர் இல்லாத படம் ஸ்டூடியோ படம். பெயர் வெச்சா அது கலை" என்பார். பையன்கள் படம் எடுப்பதைவிடப் பெயர் வைப்பதில் தேறினார்கள். காமிரா ஆடி எல்லாமே மங்கிப்போன ஒரு படத்துக்கு ஒருவன் 'ஏக்கம்' என்று பெயர் வைத்து, அவரிடம் முதுகில் தட்டு வாங்கினான்.

பெயர் வைக்கத் தெரியாத ஒரே பையன் தனகோட்டி. அவன் அப்பா மயிலாப்பூர்க் கால்வாயில் சவுக்கு விறகு ஏற்றிவருகிற தோணியைக் கழி போட்டுத் தள்ளுகிறவர். பையன் பள்ளிச் சம்பளச் சலுகையில் படித்தான். வாய் பேசமாட்டான்; ஆனால் அவன் கையில் காமிரா ஆடாது. அந்த வருஷம் பாடத்தில் தேறி சர்டிபிகேட் வாங்கும் பையன்களை, யுத்தத்துக்காக வரைபடங்களைப் போட்டோ நகல் எடுக்கிற ஒரு சர்க்கார் ஆபீஸில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று சேதி வந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் சேதி. தனகோட்டி வீட்டுக்கு அது அடுப்பு.

தேர்வுக்கு 'மனித முகம்' என்று தலைப்பு கொடுத்தார் கரஸ்பாண்டெண்ட். ஆளுக்கு ஒரே பிளேட். வெளிச்சம் படாமல் மரச்சட்டத்தில் பிளேட்டைப் போட்டு, அவனவன் பெயரைச் சாக்பீஸால் எழுதிவைத்தேன். அந்தக் காமிராவில் ஆள் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார வேண்டும். யார் உட்காருவார்கள்? ஒருவன் மாமா சரியான நேரத்தில் தும்மி இரண்டு மூக்கோடு வந்தார். இன்னொருவன் பாட்டனார், "ஆச்சாடா? ஆச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகைதான் இருந்தது.

தனகோட்டி இன்னும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறேன், மாதா கோயில் மதிலோரம் அவன் நிற்கிறான். கண் வீங்கியிருந்தது.

"சார், நைனா பூட்டாரு."

ஜுரத்தில் படுத்த அவன் அப்பா விடியற்காலையில் போய்விட்டார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"அம்மா போட்டா எடுக்கணும்னு அழுவுது சார். எங்க நைனாவ ஒரு தபா கூட போட்டா எடுத்ததில்ல. பொழுது சாயறதுக்குள்ள தூக்கிடுவாங்க. ஸ்டூடியோல கேட்டேன், பிளேட்டு இல்லன்னுட்டாங்க."

"நம்மகிட்டயும் இல்லையேடா. அலமாரிச் சாவி..."

"எனக்குன்னு வெச்சிகீறீங்களே சார், அத்த போட்டுக்கலாம்."

"அது பரீட்சை பிளேட்டுடா. அதைப் போட்டுட்டா உனக்கு வேற கிடையாது."

"தெரியும் சார்."

இருவருமாகப் போய்க் காமிராவை எடுத்தோம். முக்காலியை அவன் தோளில் போட்டுக்கொண்டான்.

இறந்தவரை உட்காரவைத்துப் படம் எடுப்பது அந்தக் காலத்தில் சகஜம். ஸ்டூடியோவிலிருந்து நானே பலமுறை போயிருக்கிறேன். அதற்கென்று முறை இருக்கிறது. சாதாரண நாற்காலியில் தலை நிற்காது. குடிசை வாசலில் வைக்க, பக்கத்துச் சலூனிலிருந்து தலைச்சாய்ப்புள்ள நாற்காலியைத் தூக்கிவந்தார்கள். இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி முதுகுச் சட்டத்தோடு கட்டினேன்; அதன்மேல் மடித்த அங்கவஸ்திரம். தாடையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, முகவாய்க்கடியில் துண்டைச் சுருட்டிவைத்தேன். மூக்குப் பஞ்சை எடுத்தேன். நெற்றிக் காசை அந்த அம்மாவே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். விபூதி அப்படியே இருந்தது. கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தோம். கழி பிடித்துக் காய்த்த கைகள். விரல்கள் முழுதும் நீளவில்லை, மடங்கியே இருந்தன.

அந்த அம்மா பெயர் பச்சையம்மா. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "வாத்தியாரே, கண்ணு தொறந்தா மாதிரி போடலாமாமே. எதிர்வூட்டு பெரியவருக்கு அப்டித்தான் போட்டுக் குட்த்தாங்க."

போடலாம். பென்சிலால் கண் வரைந்துவிடுவோம். முழித்துக்கொண்டு பேய் மாதிரி இருக்கும். "வேண்டாம்மா. ஆண்டவர் மூடின கண்ணை நான் பென்சிலால திறக்கமாட்டேன். தூங்கறாருன்னே இருக்கட்டும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

படத்தைத் தனகோட்டிதான் எடுத்தான். துணிக்குள் தலையைவிட்டவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. தகப்பனைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் தொந்தரவு செய்யவில்லை. நித்திய இளைப்பாற்றியை அந்த ஆத்துமாவுக்குத் தரும்படி மனசுக்குள் செபித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் லென்ஸ் மூடியைக் கழற்றினான், எண்ணினான், மூடினான். எதுவும் ஆடவில்லை.

மறுநாள் விடியற்காலை பிளேட்டைக் கழுவினோம். தேர்வுக்கென்று ஆளுக்கு ஒரே தாள் தந்திருந்தார் கரஸ்பாண்டெண்ட். அதில் ஒரு பிரதி போட்டோம். அதை அவன் அம்மாவுக்கே கொடுத்துவிடலாம், பரீட்சைக்கு அவன் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். படம் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. என்றும் அந்த நேரத்துக்கு வராத கரஸ்பாண்டெண்ட் அன்று வந்தார். கயிற்றைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஓ! யார் எடுத்தது?"

"தனகோட்டி சார். ஆனா இது பரீட்சைக்கு இல்ல சார். அவன் அப்பா..."

விரல் எழுந்தது. "அப்பாவையே உட்காரவெச்சானா! சபாஷ்!"

"இல்ல சார், அந்த மனுஷன் மூச்சு..."

"மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கார், தெரியறதே! என்ன ஒரு அமைதி! இதுக்குப் பெயர்கூட நான் வெச்சுட்டேன் மிஸ்டர் சூசை. 'தியானம்'."

தகனம் முடித்துவந்த தனகோட்டி மொட்டைத் தலையோடு மூலையில் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும், "திருப்பதியா? குட், குட். அப்பாவுக்கேத்த பிள்ளை" என்று தலையைத் தடவினார். பையன் என்னைப் பார்த்தான். நான் பையனைப் பார்த்தேன். அதற்குள் ஈரத் தாளையும் நெகடிவ் கண்ணாடியையும் தம் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போயேவிட்டார்.

தேர்வாளர் அடையாற்றிலிருந்து வந்தார். வாயில் பைப், கழுத்தில் சின்னக் காமிரா. மற்ற பையன்களின் தும்மல்களையும் புகைகளையும் தாண்டிவந்து 'தியானம்' முன்னால் நின்றவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "மாடலை எப்படிக் கட்டுப்படுத்தியிருக்கான் பாருங்க! ஒரு அசைவு இல்லை! பெரிய ஸ்டூடியோக்காரனுக்கே இது வராது" என்றார். கரஸ்பாண்டெண்ட் அந்த நாற்காலியின் தலைச்சாய்ப்பைக் காட்டி, "சிம்மாசனம் மாதிரி ஒரு கம்பீரம்" என்றார். இரண்டு படித்த பெரிய மனுஷர்கள் ஒரு சலூன் நாற்காலியை மாறிமாறிப் புகழ்ந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ரசனை என்ற வார்த்தைமேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றைக்கே போய்விட்டது. முதல் பரிசு தனகோட்டிக்கு. பள்ளி விழாவில் தலைமை விருந்தினர் கையால் சர்டிபிகேட். படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹாலில் நிரந்தரமாக மாட்டவும் உத்தரவாகிவிட்டது.

அந்த அம்மாவிடம் படம் இல்லை. பள்ளி விழாவுக்கு மறுநாள் காலை காரியம். படத்தை வைத்து விளக்கேற்ற வேண்டும். நான் கரஸ்பாண்டெண்ட் அறைக்குப் போய், அந்த நெகடிவில் இன்னொரு பிரதி வேண்டும் என்று ஆரம்பித்தேன். "பள்ளிக்கூடச் சொத்து, யாருக்கும் தரக்கூடாதுன்னு சொல்றீங்க. கரெக்ட். நானும் அதையேதான் நினைச்சேன்" என்று அலமாரியைத் தட்டிக்காட்டினார்.

உண்மையை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். தனகோட்டி கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் சார். பொணத்த எடுத்துட்டு பரீட்சைக்கு வெச்சான்னு பேரு வெட்டிடுவாங்க. இப்ப வூட்ல சம்பாதிக்கிறதுக்கு நான் ஒருத்தன்தான் சார்." அவன் சொன்னது உண்மை. தம்மை முட்டாளாக்கியவனை எந்தத் தங்கமான மனுஷரும் விடமாட்டார்.

கால்வாய்க் கரைக்குப் போய்ப் பச்சையம்மாவிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்:

"அப்ப படம் அங்க மாட்டிக்கினு கீது. நம்ம வாய தொறந்தா புள்ளைக்கு வேல பூடும். அதானே வாத்தியாரே?"

"ஆமாம்மா. சர்டிபிகேட் கைக்கு வந்துட்டா அப்புறம் யாராலும் ஒண்ணும் பண்ணமுடியாது. தேர்வாளர் கையெழுத்துப் போட்டது."

"கையில வர்ற வரைக்கும் தொறக்கல. ஆனா நான் வருவேன். அவரு அங்க கீறாரு, நான் இங்க குந்திக்கினு கீறேன்னா நல்லாவா கீது?"

விழாவன்று ஹால் நிறையக் கூட்டம். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் நடுநாயகமாகத் தோணிக்காரர். நிஜ ஆளைவிடப் பெரிதாக இருந்தார். பச்சையம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நேரே படத்துக்கு எதிரே போய் நின்றாள். அவர்கள் வழக்கத்தில் காரியத்தன்றுதான் தாலி இறக்குவது. அதுவரை பூவும் பொட்டும் வளையலும் உண்டு. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். என் கை ஜெபமாலைமேல் இருந்தது.

தலைமை விருந்தினரை அழைத்துக்கொண்டு கரஸ்பாண்டெண்ட் அங்கேயே வந்துவிட்டார்.

"யாரம்மா நீ?"

"படத்துல கீறாரே சாமி, அவரு பொஞ்சாதி."

"ஆஹா! அவர் வரலையா?"

"வந்துக்கீறாரே சாமி, தோ" என்று சுவரைக் காட்டினாள்.

கரஸ்பாண்டெண்ட் விருந்தினர் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா! என்ன ஒரு கவித்துவம்! படிக்காத ஜனங்க!" மறுபடி அவளிடம், "வீட்டிலே தினமும் இப்படித்தான் உட்காருவாரா?"

"தெனம் உக்கார நேரம் ஏது சாமி? தோணி வுடாதே. இப்பத்தான் உக்காந்தாரு."

"படத்துல அப்படியே உயிரோட இருக்கார், இல்லையா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். விருந்தினர், அந்த அம்மா வெட்கப்படுகிறாள் என்று சொல்லிச் சிரித்தார். நான் ஐம்பது வருஷமாகத் தவசுக்காலத்தில் மாதாவின் துயரத்தை நினைத்துச் சிலுவைப்பாதை செய்கிறவன். ஒரு மனுஷி தன் அழுகையைக் கையில் பிடித்து வைத்திருப்பதை அன்றைக்குப் பார்த்த மாதிரி எங்கும் பார்க்கவில்லை.

மேடையில் வரவேற்பு, அறிக்கை, பாட்டு. ரசனை பற்றிக் கரஸ்பாண்டெண்ட் பேசினார். பேச்சு நீளநீள அவள் முந்தானை வாயில் இன்னும் உள்ளே போனது. கடைசியாகப் பெயர் கூப்பிட்டார்கள். தனகோட்டி ஏறினான். விருந்தினர் கொடுத்தார், இவன் குனிந்து வாங்கினான், கைதட்டினார்கள். பச்சையம்மா உயரம் போதாமல் எக்கிப் பார்த்தாள்.

"கையில குட்த்துட்டாங்களா வாத்தியாரே?"

"கொடுத்துட்டாங்கம்மா."

"நல்லா பாத்துச் சொல்லு. புள்ள கையிலதானே கீது?"

"அவன் கையிலதான் இருக்கு."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கழி போட்ட கையி ரெண்டும் மடியில குந்திடிச்சே என் ராசா... கட்டையில வேக வெச்ச ஒன்ன கண்ணாடியில பாக்குறனே என் ராசா..."

மைக் வேண்டியிருக்கவில்லை. வெளியே கச்சேரி ரோட்டில் போன வண்டிகள்கூட நின்றன. ஹாலில் ஒரு பெண்மணி, "ஐயோ, செத்தவர் படம்!" என்றாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. நாற்காலிகள் பின்னே இழுபட்டன. விருந்தினர் மேடையிலிருந்து இறங்கிக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். சுவரில் இருப்பது நாறும் என்று நினைத்தாரோ என்னவோ.

கரஸ்பாண்டெண்ட் படத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார், விபூதியைப் பார்த்தார், மடங்கின விரல்களைப் பார்த்தார். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். முகம் வெளுத்துவிட்டது. "எடு, எடு, கழற்று" என்றார் பியூனிடம். அவன் தொடமாட்டேன் என்று பின்வாங்கினான். நான் ஏறிக் கழற்றினேன். "கொடுத்துடுங்க. அந்தம்மாகிட்டயே கொடுத்துடுங்க. இங்கே இருக்கக்கூடாது." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் திணித்தார். "அந்த நெகடிவ் கண்ணாடியும் வேண்டாம். அதையும் கொடுத்து அனுப்புங்க." எந்தச் சொத்தை யாருக்கும் தரக்கூடாதோ, அதை அவர் அன்றைக்குக் கும்பிட்டுக் கொடுத்தார்.

தனகோட்டி மேடையிலேயே நின்றான், சர்டிபிகேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால், செத்தவரை உட்காரவைத்து அதற்குத் தியானம் என்று பெயர் வைத்துப் பரிசும் கொடுத்தவர்கள் யார் என்று எழுத்தில் எழுதவேண்டியிருக்கும். ஹாலை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அடுத்த வருஷம் போட்டோ வகுப்பு கிடையாது. அந்த இடத்தில் புத்தகம் பைண்டு செய்கிற பாடம் வந்தது. என்னைக் கூஜாவுக்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் தனகோட்டி சர்க்கார் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தான். வரைபடங்களை நகல் எடுக்கிற வேலை. அங்கே யாரும் படத்துக்குப் பெயர் வைக்கச் சொல்லவில்லை.

விழாவுக்கு மறுநாள் காரியத்துக்குக் கால்வாய்க் கரைக்குப் போனேன். வேறு மதத்துச் சடங்கு என்று சுவாமியார் ஏதாவது சொன்னால் சொல்லட்டும் என்றுதான் போனேன். படத்தைப் பலகைமேல் சாய்த்து, இளநீரும் வாழைப்பழமும் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். தோணிக்காரர்கள் எல்லாம் வந்து குந்தியிருந்தார்கள். ஒருவர் படத்தைப் பார்த்து, "அப்டியே கீறான்யா" என்றார். கிட்டே போனபோதுதான் கவனித்தேன். சட்டத்தின் அடியில் பள்ளிக்கூடத்தில் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. 'தியானம். முதல் பரிசு.' எனக்கு ஆத்திரம் பொங்கியது. நகத்தால் அதைச் சுரண்டப் போனேன்.

"இன்னா வாத்தியாரே அது?" என்றாள் பச்சையம்மா.

"ஒண்ணுமில்லம்மா. அவங்க ஒட்டின சீட்டு. கிழிச்சுடறேன்."

"இன்னா எய்திக்கீது?"

தனகோட்டி குனிந்து பார்த்துச் சொன்னான்: "மொதல் பரிசுன்னு போட்டுக்கீதும்மா."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"கிழிக்காத வாத்தியாரே, இருக்கட்டும். இந்த மனுசனுக்குப் பொறந்ததுலேந்து ஒருத்தன் ஒண்ணு குட்த்ததில்ல." பிறகு மகனிடம், "தனகோட்டி, மாலைய கொஞ்சம் மேல தூக்கிப் போடு. எய்த்து மறையுது பாரு" என்றாள்.